கருப்பைவாய்ப் பரிசோதனைக்கு வரமாட்டேன் என்பவர்களிடம் என்ன பேசுவது?

நீலாம்பல் (இழையைத் தொடங்கியவர்)

இங்கே படிப்பதோடு சரி, நான் எழுதுவதில்லை. இப்போது ஒரு யோசனை தேவைப்படுகிறது.

என் அக்காவுக்கு 47 வயது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை இதுவரை ஒருமுறைகூடச் செய்துகொண்டதில்லை. "எனக்குத்தான் ஒன்றும் இல்லையே, எதற்கு?" என்கிறாள். கூட வேலை பார்க்கும் தோழி வேறு மாதிரி. எப்போதோ ஒருமுறை போனாளாம், உயிர் போகிற வலியாம், இனி அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டாளாம். அம்மாவுக்கு 60 தாண்டிவிட்டது. "மாதவிடாய் நின்று எத்தனையோ வருஷமாச்சு, இனிமேல் எனக்கென்ன" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

நான் விவரமெல்லாம் சொல்லித்தான் பார்க்கிறேன். கேட்கிறார்கள், தலையாட்டுகிறார்கள், போவதில்லை. யாரையாவது பேசிச் சம்மதிக்க வைத்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா?

முகில்வேந்தன்

பயமுறுத்துங்கள், அதுதான் வழி. 2022-ல் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 6,60,000 பெண்களுக்கு இந்த நோய் வந்தது, சுமார் 3,50,000 பேர் இறந்தார்கள். இதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். தன்னால் கிளம்புவார்கள்.

வெண்தாழை

தம்பி, எண்ணில் தப்பில்லை. ஆனால் பயந்தவர்கள் கிளம்புவதில்லை. வராமல் இருப்பவர்களில் நிறையப் பேர் ஏற்கனவே பயந்துபோய்த்தான் இருக்கிறார்கள். நான் செவிலியர், இந்தப் பரிசோதனைப் பிரிவில்தான் வேலை. "போய், ஏதாவது இருக்குன்னு சொல்லிட்டா?" என்ற கேள்வியை அடிக்கடி கேட்கிறேன். பரிசோதனை அறை என்றால் புற்றுநோய் உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்கிற இடம் என்றே அவர்கள் நினைக்கிறார்கள். அந்த மனநிலையில் இருப்பவரிடம் இறப்புக் கணக்கைக் கொடுத்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார்.

நாங்கள் முக்கியமாகத் தேடுவது புற்றுநோயை அல்ல, அது வருவதற்கு முந்தைய கட்டத்தை. இந்த நோய்க்கு ஏறக்குறைய எல்லா நேரமும் காரணம் ஹெச்பிவி என்ற வைரஸ்தான். தொற்று வந்த பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு வருடத்தில் உடம்பே அதை விரட்டிவிடும். சிலருக்கு மட்டும் தங்கிவிடும். அப்படித் தங்கியது கருப்பைவாயின் செல்களை மெல்ல மாற்றி, அது புற்றுநோயாக முற்ற வழக்கமாக 15 முதல் 20 வருடம் ஆகும். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு 5 முதல் 10 வருடத்திலேயே ஆகலாம். இவ்வளவு நீண்ட இடைவெளியை இந்த நோய் நமக்குத் தருகிறது. அதற்குள் மாற்றத்தைக் கண்டுவிட்டால் அந்த இடத்தை மட்டும் உறையவைத்தோ, சுட்டோ, சீவி எடுத்தோ சரிசெய்யலாம். பெரும்பாலும் சில நிமிட வேலை, அன்றே வீட்டுக்குப் போகலாம். கருப்பையை எடுக்கவேண்டும், கீமோ கொடுக்கவேண்டும் என்ற பேச்செல்லாம் அந்தக் கட்டத்தில் வழக்கமாக எழுவதே இல்லை.

நீலாம்பல், உங்கள் அக்காவிடம் சொல்லவேண்டியது இதைத்தான். ஒன்றும் இல்லாதபோது போவதற்குத்தான் இந்தப் பரிசோதனை. தொந்தரவு இருந்தால் விஷயமே வேறு. உறவுக்குப் பிறகு ரத்தம், மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் என்று எது இருந்தாலும் பரிசோதனை முகாமுக்குக் காத்திருக்காமல் நேராக மருத்துவரிடம் போகவேண்டும்.

முகில்வேந்தன்

சரிக்கா, ஏற்கிறேன். ஆனால் 15 வருடம் ஆகும் என்று சொன்னால் "அப்போ மெதுவா பார்த்துக்கலாம்" என்று ஆகிவிடாதா?

வெண்தாழை

ஆகும். அதனால்தான் வயதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அக்காவுக்கு 47. கடிகாரம் எப்போது ஓடத் தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. இருபது வருடத்துக்கு முன்னாலும் இருக்கலாம்.

ஒற்றைச்சிறகு

உங்கள் தோழியைப் பற்றிச் சொல்ல எனக்கு இருக்கிறது. நானும் அதே கட்சி.

முதல்முறை நான் போன மருத்துவமனையில் திரைச்சீலை பாதிதான் மூடியிருந்தது. என்ன செய்யப்போகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வலித்தது, முனகினேன். "இதுக்கே இப்படியா?" என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு வந்த அழைப்பெல்லாம் குப்பைக்குத்தான் போயிற்று. எனக்குத் தகவல் தெரியாமல் இல்லை. அந்த மேசையில் மறுபடி படுக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

அதனால் அவளிடம் "வலிக்கவே வலிக்காது" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அது உண்மையில்லை என்று அவளுக்குத் தெரியும். அந்த ஒரு பொய்க்குப் பிறகு நீங்கள் சொல்லும் நிஜமெல்லாம் எடுபடாது. என்ன நடந்தது என்று கேளுங்கள், குறுக்கே பேசாமல் கேளுங்கள். என்னை மாற்றியது ஓர் அறிவுரையும் இல்லை. பிறகு சந்தித்த ஒரு மருத்துவர் உடை மாற்றச் சொல்வதற்கு முன்பே உட்காரவைத்துப் பேசினார், கருவியைக் கையில் கொடுத்துக் காட்டினார், "நிறுத்துன்னு சொன்னா அந்த நொடியே நிறுத்திடுவேன்" என்றார். நடுவில் ஒருமுறை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார். கொஞ்சம் மூச்சுவிட்ட பிறகு நானே தொடரச் சொன்னேன்.

வெண்தாழை

ஒற்றைச்சிறகு, அந்த முதல் இடத்தில் நடந்தது தவறு. அதை நீங்கள் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டியதே இல்லை.

மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். உள்ளே வைத்து விரித்துப் பார்க்கும் கருவியான ஸ்பெகுலம் ஒரே அளவில் வருவதில்லை, சின்னது உண்டு, கேட்டு வாங்கலாம். மல்லாந்து படுக்கப் பிடிக்காதவர்கள் ஒருக்களித்துப் படுக்கலாம். நிறைய இடங்களில் அதை உள்ளே வைக்கும் வேலையை அந்தப் பெண்ணையே செய்ய விடுவார்கள், பயந்தவர்களுக்கு இது பெரிய வித்தியாசத்தைத் தரும். பெண் பணியாளர்தான் வேண்டும், கூட ஒருவர் நிற்கவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லலாம். மாதவிடாய் நின்ற பிறகு அந்த இடம் வறண்டு போவதால் வலி கூடும். அப்படிப்பட்டவர்களுக்குச் சில வாரம் முன்னதாகத் தடவ ஈஸ்ட்ரோஜன் கிரீம் எழுதித் தருவதும் உண்டு, மருத்துவரைக் கேட்கவேண்டும்.

பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு இந்தப் பரிசோதனை எவ்வளவு கடினம் என்பதை வெளியிலிருந்து அளக்க முடியாது. காரணத்தை விளக்கவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. "எனக்கு இது கஷ்டம், மெதுவாகச் செய்யுங்கள்" என்ற அளவு சொன்னால் போதும். வற்புறுத்தும் உறவினர்கள் இதையும் மனதில் வைக்கவேண்டும். சொல்லாத காரணம் ஒன்று இருக்கலாம்.

தூறல்

நாமே வைத்துக்கொள்ளலாமா? இத்தனை வருஷத்தில் யாருமே சொன்னதில்லையே!

நுண்ணாடி

கேட்டால்தான் சொல்கிறார்கள், அதுதான் பிரச்சினை.

நான் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன், செல்களைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்ப்பது என் தொழில். ஸ்பெகுலமே இல்லாத வழியும் உண்டு என்பதை யாரும் இன்னும் சொல்லவில்லை. ஹெச்பிவி பரிசோதனைக்கு மாதிரியைப் பெண்ணே எடுத்துக்கொள்ளலாம். பஞ்சு சுற்றிய குச்சியோ சின்ன பிரஷ்ஷோ தருவார்கள். பிறப்புறுப்புக்குள் கொஞ்சம் விட்டுச் சில தடவை சுழற்றி எடுத்து, குழாயில் போட்டு மூடவேண்டும். தனி அறையிலோ வீட்டுக் குளியலறையிலோ செய்யலாம். கருப்பைவாயைச் சரியாகத் தொடவேண்டிய அவசியம்கூட இல்லை. வைரஸின் மரபுப்பொருளைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் பிசிஆர் முறையில் சோதித்தால், மருத்துவர் எடுத்த மாதிரிக்கும் நாமே எடுத்ததற்கும் கண்டுபிடிக்கும் திறனில் பெரிய வேறுபாடு இல்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. ஆஸ்திரேலியா 2022 ஜூலையிலிருந்து தகுதியுள்ள எல்லாப் பெண்களுக்கும் இந்த வாய்ப்பைத் தந்திருக்கிறது.

ஒரு நிபந்தனை உண்டு. வைரஸ் இருக்கிறது என்று வந்தால் அடுத்தகட்டத்துக்கு நேரில் போய்த்தான் ஆகவேண்டும். நாமே எடுத்த மாதிரியில் செல்களின் உருவத்தைப் பார்க்க முடியாது. ஆனால் பெரும்பாலானவர்களுக்கு "இல்லை" என்றுதான் வரும், அவர்களுக்கு வேலை அதோடு முடிந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல்படி 30 வயதில் தொடங்கி, ஹெச்பிவி பரிசோதனையில் இல்லை என்று வந்தால் 5 முதல் 10 வருடத்துக்கு ஒருமுறை செய்தால் போதும். எச்ஐவி உள்ளவர்களுக்கு 25 வயதிலிருந்து, 3 முதல் 5 வருடத்துக்கு ஒருமுறை.

நீலாம்பலின் அம்மாவுக்கும் இதுதான் ஏற்றது என்பேன். மாதவிடாய் நிற்பதற்கும் இந்த வைரஸுக்கும் சம்பந்தம் இல்லை, முன்பே வந்து தங்கியது தங்கியபடி இருக்கும். ஒழுங்காகச் செய்துவந்து முடிவுகள் நன்றாக இருந்தவர்கள் ஒரு வயதுக்கு மேல் நிறுத்திக்கொள்ளலாம். ஒருமுறைகூடச் செய்யாதவருக்கு அந்தச் சலுகை பொருந்தாது. இன்னொன்று, வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தைத் தடவி வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்க்கும் விஐஏ முறை அந்த வயதில் அவ்வளவு உதவாது. பார்க்கவேண்டிய பகுதி கருப்பைவாய்க் குழாய்க்குள் ஏறிப்போயிருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

(என் தொழிலுக்கு ஒரு சின்ன விளம்பரம். கருப்பைவாயின் செல்களை எடுத்துத் தகட்டில் பார்க்கும் சோதனைக்குப் பாப் ஸ்மியர் என்ற பெயர் பாபனிகொலாவ் என்ற மருத்துவரிடமிருந்து வந்தது. 1928-ல் அவர் இதை முதலில் சொன்னபோது பெரிதாக யாரும் சட்டை செய்யவில்லை. 1943-ல் புத்தகமாக வந்த பிறகுதான் பரவியது. அவருடைய ஆய்வுக்காகப் பல வருடம் தன்னிடமிருந்தே மாதிரி கொடுத்துவந்தவர் அவர் மனைவி. பெயரென்னவோ கணவருக்குத்தான்!)

ஆதிரை_மீன்

எல்லாரும் வலி, வெட்கம் என்றே பேசுகிறீர்கள். நான் தள்ளிப்போட்ட காரணம் வேறு. முடிவு பாசிட்டிவ் வந்தால் வீட்டில் என்ன ஆகும் என்பதுதான்.

பாலுறவு வழியாகப் பரவும் வைரஸ் என்று எங்கேயோ படித்தேன். அன்றிலிருந்து அந்தப் பக்கம் போக மனமில்லை. வந்தால் என்னைச் சந்தேகப்படுவாரா, நான் அவரைச் சந்தேகப்படுவேனா? புற்றுநோயைவிட இது பக்கத்தில் தெரிகிற பயம். என்னைப் போல நினைப்பவர்கள் நிச்சயம் இருக்கிறார்கள், வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். "வேலை இருக்கு, அடுத்த மாசம் பார்க்கலாம்" என்பார்கள்.

வெண்தாழை

இதை எழுதியதற்கு நன்றி ஆதிரை. இந்த இழையிலேயே முக்கியமான பதிவு இதுதான் என்று நினைக்கிறேன்.

உறவில் ஈடுபடும் ஏறக்குறைய எல்லாருக்கும், ஆணோ பெண்ணோ, வாழ்க்கையில் எப்போதாவது ஹெச்பிவி வந்தே போகும். ஒரே ஒருவரோடு மட்டும் வாழ்ந்தவருக்கும் வரலாம். வந்த சுவடே தெரியாமல் பல வருடம் அடங்கிக் கிடந்துவிட்டு, பரிசோதனையில் தெரியும் அளவுக்குப் பிறகு தலைகாட்டலாம். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று சொல்லும் பரிசோதனை எதுவும் கிடையாது. கல்யாணத்துக்கு முன்பா பின்பா என்றுகூடச் சொல்ல முடியாது. ஆகவே ஒரு பாசிட்டிவ் முடிவை வைத்துக்கொண்டு யாரும் யாரையும் விசாரிக்க முடியாது, அதில் அந்தத் தகவலே இல்லை. "அவரையும் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க" என்று சிலர் கேட்பார்கள். ஆண்களுக்கென்று வழக்கமான ஹெச்பிவி பரிசோதனை இல்லை.

அப்புறம், பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்று பொருளில்லை. வைரஸ் இருக்கிறது, கவனமாகப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். எந்த வகை என்று பார்ப்பார்கள். இந்த நோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம் 16, 18 என்ற இரண்டு வகைகள். அவை என்றால் பெரும்பாலும் நேராகக் கால்போஸ்கோபிக்கு அனுப்புவார்கள், அதாவது பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்ப்பது. மற்ற வகை என்றால் இன்னொரு சோதனை, அதிலும் மாற்றம் இல்லையென்றால் சில காலம் கழித்து மறுபடி ஒரு சோதனை.

முடிவைத் தொலைபேசியில் ஒற்றைச் சொல்லாகச் சொல்லிவிட்டு வைத்துவிடும் இடங்கள் இருக்கின்றன. எனக்கு அதில் கோபம் உண்டு. இவ்வளவையும் மாதிரி எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடவேண்டும்.

கடற்காகம்

கணவனாக ஒரு வார்த்தை. என் மனைவிக்குப் பாசிட்டிவ் வந்தபோது நான் முதலில் தேடிப் படித்தது மேலே வெண்தாழை அக்கா எழுதிய இதே விஷயங்களைத்தான். படித்திருக்காவிட்டால் என்ன பேசியிருப்பேனோ தெரியாது. ஆண்களிடமும் இதைச் சொல்லுங்கள். "போ" என்று அனுப்புவதற்காக அல்ல, முடிவு வரும்போது வாயை மூடிக்கொண்டு கூட நிற்பதற்காக.

எதிர்க்காற்று

நான் கொஞ்சம் மாற்றிப் பேசுகிறேன், திட்டாதீர்கள். எதற்கெடுத்தாலும் டெஸ்ட் என்பது ஒரு வியாபாரமாகிவிட்டது. தானே சரியாகிவிடும் வைரஸைத் தேடிப்பிடித்து, பயப்படுத்தி, தேவையில்லாத சிகிச்சையும் செய்வது நடக்கிறதா இல்லையா?

நுண்ணாடி

நடக்கிறது, அதனால்தான் வயது வரம்பு. இருபதுகளின் தொடக்கத்தில் ஹெச்பிவி மிகச் சாதாரணம், பெரும்பாலும் போய்விடும். அந்த வயதில் தேடினால் நீங்கள் சொல்வதுதான் ஆகும். செல்களைச் சீவி எடுக்கும் சிகிச்சைக்குப் பிறகு வரும் கர்ப்பத்தில் குறைப்பிரசவ வாய்ப்பு சற்றே கூடலாம் என்பதால் இளம்பெண்களிடம் கை வைக்க யோசிக்கவேண்டும். ஆண்டுதோறும் செய்யச் சொல்லிப் பணம் பறிப்பவர் இருந்தால் அவரைக் கேள்வி கேளுங்கள். சரியான வயது, சரியான இடைவெளி என்பதற்காகத்தான் வழிகாட்டுதலே.

ஆனால் மொத்தத்தில் பயனில்லை என்று சொல்ல முடியாது. 1965-க்கும் 1982-க்கும் இடையில் ஐஸ்லாந்தில் இந்த நோயால் வரும் இறப்பு 80 சதவீதம் குறைந்தது, பின்லாந்தில் 50. நார்வேயில் வெறும் 10. நார்வேயில் மருத்துவம் மோசமில்லை, பாப் ஸ்மியரும் இருந்தது. மற்ற இரண்டு நாடுகளும் எல்லாப் பெண்களையும் பட்டியலிட்டு, ஆள் ஆளாக அழைத்தன. நார்வேயில் அப்போது நாடு தழுவிய அழைப்பு இல்லை.

எதிர்க்காற்று

இந்த நார்வே விஷயம் எனக்குப் புதிது. வயது வரம்பு எதற்காக என்று யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இப்படிக் கேட்டிருக்க மாட்டேன்.

தூறல்

சந்தேகம்: பள்ளி வயதிலேயே தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்கும் இதெல்லாம் வேண்டுமா? கருப்பை எடுத்தவர்களுக்கு?

வெண்தாழை

தடுப்பூசி போட்டவர்களுக்கும் வேண்டும், ஊசி எல்லா வகைகளையும் தடுப்பதில்லை. கருப்பை எடுத்தவர்கள் விஷயத்தில் கருப்பைவாயும் சேர்த்து எடுத்தார்களா என்று பழைய அறிக்கையைப் பார்க்கவேண்டும். வாயை விட்டுவைத்திருந்தால் தொடரவேண்டும். அதையும் எடுத்திருந்து, முன்பு செல் மாற்றம் எதுவும் இல்லாமலும் இருந்தால் பொதுவாகத் தேவையில்லை.

களப்பணிக்காரி

தாமதமாக வருகிறேன். பெண்களை முகாம்களுக்குத் திரட்டும் வேலை எனக்கு. நார்வே கதையை என் அனுபவத்திலிருந்தும் உறுதி செய்கிறேன். "விழிப்புணர்வு" என்று மேடை போட்டுப் பேசுவதைவிட, பெயர் சொல்லி, நாள் நேரம் குறித்து அழைப்பதுதான் ஆள் கொண்டுவருகிறது. "எப்பவாவது வாங்க" என்றால் எப்போதும் வரமாட்டார்கள். "வியாழக்கிழமை பத்தரைக்கு, இன்னார் இருப்பார், அரை மணியில் முடிந்துவிடும்" என்றால் வருவார்கள். சுயமாதிரி விஷயத்திலும் இதேதான். வேண்டுமென்றால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று விட்டால் கொஞ்சம் பேர், கையிலேயே கொடுத்தால் நிறையப் பேர்.

குழந்தையை யார் பார்ப்பது, அன்றைய கூலி போகுமா, முடிவு எத்தனை நாளில் வரும், யாருக்கு வரும், பாசிட்டிவ் என்றால் சிகிச்சை எங்கே என்பவைதான் நிஜக் கேள்விகள். கடைசிக் கேள்விக்கு நல்ல பதில் தராத முகாமுக்கு நான் ஆள் சேர்ப்பதில்லை. பாசிட்டிவ் வந்தவருக்குச் சிகிச்சைக்கு வழி இல்லையென்றால் சோதித்து என்ன பயன்? உலக சுகாதார நிறுவனம் 2030-க்கு வைத்திருக்கும் 90-70-90 இலக்கில் கடைசித் தொண்ணூறு அதுதான், கண்டறியப்பட்டவர்களில் 90 சதவீதம் பேருக்குச் சிகிச்சை. எல்லாரும் முதலிரண்டான தடுப்பூசி, பரிசோதனை பற்றியே பேசுகிறார்கள்.

உங்கள் அக்காவுக்கு விவரம் போதும். இனி நாள் குறியுங்கள்.

நீலாம்பல்

இவ்வளவு எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி.

ஒற்றைச்சிறகு சொன்னபடி தோழியிடம் கேட்டேன். நிறைய நேரம் பேசினாள். பரிசோதனையைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. சுயமாதிரி என்று ஒன்று இருக்கிறது என்பதை மட்டும் கடைசியில் சொன்னேன், "அது எங்கே கிடைக்கும்?" என்று அவளே கேட்டாள். விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்காவுக்கு நாள் வாங்கிவிட்டேன், எனக்கும் சேர்த்து அடுத்தடுத்த நேரமாக. நானும் தள்ளிப்போட்டவள்தான். அம்மா "உங்க ரெண்டு பேருக்கும் ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்கிறார், முழு மறுப்பு இல்லை. போவதற்கு முன் கவனிக்கவேண்டியது ஏதாவது உண்டா?

வெண்தாழை

மாதவிடாய் நாட்களில் வேண்டாம், தேதி இடித்தால் மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு நாள் முன்பிருந்து உறவு வேண்டாம், உள்ளே வைக்கும் மாத்திரை, கிரீம் எதுவும் வேண்டாம், உள்ளே நீர் பீய்ச்சிக் கழுவவும் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டுப் படுத்தால் வசதியாக இருக்கும். மேலாடையைக் கழற்றாமலே செய்துகொள்ளும்படி உடை இருந்தால் நல்லது. செய்துமுடித்த அன்று லேசாக ரத்தக்கறை பட்டால் பயப்பட வேண்டியதில்லை, ஒரு பேட் எடுத்துப்போங்கள்.

முடிவு எந்தத் தேதிக்குள் வரும் என்று கிளம்பும் முன் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தேதி தாண்டியும் வரவில்லையென்றால் நல்ல செய்தி என்று நினைத்துச் சும்மா இருக்காதீர்கள், போன் செய்யுங்கள்.

தூறல்

நீலாம்பல், சுயமாதிரி எங்கே கிடைக்கும் என்று தெரிந்தால் இங்கேயே போடுங்கள். எனக்கும் வேண்டும்.